பள்ளம் விழாத திருட்டு

எங்கள் வீட்டில் எந்த விஷயத்திலும் இரண்டு பேர் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. குழம்புக்குப் புளி போதுமா என்பதில் தொடங்கி, கிழக்குச் செய்யில் நெல் விதைப்பதா மிளகாய் போடுவதா என்பது வரை ஆளுக்கொரு கட்சி. அப்படிப்பட்ட குடும்பம் ஒரே ஒரு செய்தியை மட்டும் இருபத்தைந்து ஆண்டுகள் ஒருமனதாக நம்பியது. ஒத்தக்கூடை ஒரு மண் திருடன்.

ராமநாதபுரம் சீமையில் அவரளவுக்குப் பிறர் செருப்பைப் பிடுங்கியவரும், அவரளவுக்குச் செருப்பே போடாதவரும் வேறொருவர் இருந்திருக்க முடியாது. அவருடைய உண்மைப் பெயர் என்னவென்று ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோது ஊரே சற்று யோசித்தது. அவரும் கூடவே யோசித்தார்.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் சாலையிலிருந்து இரண்டு கல் உள்ளே இருக்கிறது. கடல் தொலைவில் இல்லை. கிணறு தோண்டினால் உப்பு, குழாய் இறக்கினால் அதைவிட உப்பு. ஊருக்குத் தித்திப்பாக வாய்த்தது ஊருணி ஒன்றுதான். மழை நீரைத் தேக்கிக் குடிக்கிற அந்தக் குளத்தில் மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, கரையில் செருப்புக் காலோடு ஏறக் கூடாது. சித்திரையில் தண்ணீர் வற்றும்போது வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, அடியில் படிந்த வண்டலை அள்ளிக் கரையேற்ற வேண்டும். குடிமராமத்து என்று பெயர். பிறகு பஞ்சாயத்தார் தெருவில் குழாய் நட்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. குழாய் வந்துவிட்டதென்று குடிமராமத்து மட்டும் நின்றுவிட்டது.

ஊர் நிறுத்தியதை ஒத்தக்கூடை நிறுத்தவில்லை. அவரிடம் ஒரு மம்பட்டியும் பனைநாரால் முடைந்த ஒரு கூடையும் இருந்தன. கோடையில் ஊருணிக்குள் அள்ளுவார். தண்ணீர் நிற்கும் மாதங்களில், மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் அள்ளுவார். அதோடு விட்டிருந்தால் அவரை ஊர் நல்ல மனிதர் என்று சொல்லி மறந்திருக்கும். அவரோ ஒரு சட்டமும் போட்டார். குடிக்கிற வாய்க்கு ஒரு கூடை. குடத்தோடு வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கூடை வண்டலைக் கரைக்கு வெளியே கொட்டிவிட்டுத்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். மறுப்பவருடைய செருப்பு, கரையடியில் விட்டிருந்த இடத்திலிருந்து காணாமல் போகும். கூடை சுமந்த மறுநிமிடம் அது அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

புதுமடத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் பாய் ஒருவர் இருந்தார். எங்கள் ஊரைக் கடக்கும்போது ஊருணியில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"ஓய் கூடை, வெயிலு ஏறுது. மீனு கெட்டுப்போகும்யா. நாளைக்கு ரெண்டு கூடையா அள்ளுறேன், இன்ஷா அல்லாஹ்."

"நாளைக்கித் தண்ணிய நாளைக்கிக் குடிச்சுக்கிரும் பாய்."

"குடிச்சிட்டேனே!"

"அப்ப அள்ளிட்டேன்னும் சொல்லும், போகலாம்."

இந்த வாதம் முடிவதற்குள் மீன் உண்மையாகவே கெட்டுவிடும் என்று கணக்கிட்டுப் பாய் சைக்கிளைச் சாத்துவார். அவருடைய மீனை ஊரில் சோதிக்காமல் வாங்கியதற்குக் காரணம் அந்தக் கணக்குதான் என்று அம்மா சொல்வாள். கூடை சுமக்க ஐந்து நிமிடம், வாதாட அரை மணி நேரம். பாய்க்கு எது லாபம் என்பது தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பத்தின் பகை அக்காவின் கல்யாணத்தன்று உறுதிப்பட்டது. வைகாசி மாதம். பரமக்குடிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்திறங்கினார்கள். ஊருக்குள் நுழையுமுன் முகம் கழுவிக்கொள்ளலாமென்று மாப்பிள்ளை புதுச் செருப்பைக் கரையடியில் கழற்றிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தார். திரும்பிப் பார்த்தால் செருப்பு இல்லை. பத்தடி தள்ளி ஒத்தக்கூடை அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார், அவர் காலடியில் கூடை நிறைய வண்டல்.

செய்தி கேட்டு அய்யா பந்தலிலிருந்து ஓடினார். "ஏலே கூடை! முகூர்த்தம் போகுதுலே!"

"ரெண்டு எட்டுதாண்ணே. பேசுற நேரத்துக்கு மாப்பிள்ள கொட்டிட்டு வந்திருப்பாரு."

"அவரு இந்த ஊர்க்காரரு இல்லலே!"

"இன்னைக்கி மருமகன். நாளப்பின்ன தல தீவாளிக்கி வருவாரு, பொங்கலுக்கு வருவாரு. தண்ணியக் கடன் வச்சுட்டா வருவாரு?"

மாப்பிள்ளை நல்ல மனிதர். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்து மாலையைப் பின்னால் தள்ளிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். தாலி கட்டும்போது நெற்றிச் சந்தனத்துக்கு மேலே ஒரு வண்டல் கோடு இருந்ததைப் புகைப்படத்தில் இன்றும் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எந்தப் பாரத்தையும் தூக்கியதில்லை என்பது அக்காவின் நிலையான புகார். ஆனால் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருமுன் ஊருணியில் ஒரு கூடை சுமந்துவிட்டுத்தான் அவர் வந்தார். அதைப் பார்த்து அம்மாவின் கோபம் இரட்டிப்பானது.

வறட்சியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்த ஆண்டும் எனக்கு நினைவிருக்கிறது. ஜீப்பின் இன்ஜின் கொதித்துவிட்டது. ஓட்டுநர் ஊருணியில் ஒரு வாளி மொண்டு அதற்குள் ஊற்றினார். அதிகாரியும் ஒரு கை அள்ளிக் குடித்தார். ஒத்தக்கூடை பணிவாக இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு எதுக்கு?" என்றார் அதிகாரி.

"அய்யாவுக்கு ஒண்ணு. ஜீப்புக்கு ஒண்ணு. அதுவும்தான குடிச்சுச்சு?"

அதிகாரி சிரித்துவிட்டார். தன் கூடையைத் தானே சுமந்தார். ஜீப்பின் கூடையை யார் சுமப்பது என்பதில் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் நேர்ந்த தகராறு, வண்டி சாலைக்கு ஏறும்வரை எங்கள் காதில் விழுந்தது.

இனி, திருட்டுக்கு வருகிறேன். இப்படி ஊரே சுமந்து கரைக்கு வெளியே கொட்டிய வண்டல், மறுநாள் அங்கே இருக்காது. எங்கே போகிறது? ஒத்தக்கூடைக்குச் சொந்த நிலம் கிடையாது. செங்கல் சூளைக்கு விற்கிறார் என்றார் ஒருவர். அம்மா அதற்கு மேலே போனாள். ஊருணியின் கிழக்குக் கரையை ஒட்டியிருந்தது எங்கள் கிழக்குச் செய். அங்கே அவர் குனிந்து நிற்பதையும், கூடையோடு வெளியேறுவதையும் அம்மா தன் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"நம்ம செய்யில மண்ணு அள்ளுறான்யா அவன்!"

அய்யா போய்ப் பார்ப்பார். செய் முழுவதும் நடந்து பார்ப்பார். திரும்பி வந்து, "பள்ளமே இல்லயேடி" என்பார்.

"பள்ளம் விழாம அள்ளுறான்னா எம்புட்டுத் தெறமையான களவாணியா இருக்கணும்!"

அம்மாவின் இந்தத் தர்க்கத்தில் அய்யாவும் விழுந்துவிடுவார். பத்தாம் வகுப்பில் அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கிய நானும் அதை ஏற்றுக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வேறு தடயங்களும் இருந்தன. அவற்றை நாங்கள் வேறு யார் மீதோ ஏற்றினோம். கண்மாய்த் தண்ணீர் எல்லாச் செய்க்கும் பாய்ந்தது, கிழக்குச் செய்யில் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏற மறுத்தது. மடையில் எவனோ சூது செய்கிறான் என்று அய்யா மூன்று குடும்பங்களோடு பேச்சை முறித்துக்கொண்டார். அதே செய், மழை தப்பிய ஒரு கார்த்திகையில், பக்கத்துப் பயிரெல்லாம் கருகிய பிறகும் பச்சையாக நின்றது. அது அய்யனாருக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்று அம்மா கிடா வெட்டினாள். கறிச்சோறு சாப்பிட ஒத்தக்கூடையும் வந்திருந்தார். பந்தியில் அவருக்கு எலும்பாகப் பார்த்துப் போடச் சொல்லி அம்மா எனக்குக் கண்காட்டினாள்.

பிறகு மழைக்கு என்ன நேர்ந்ததென்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆவணியில் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது எங்கள் பக்கத்து விவசாயம். விதை மண்ணுக்குள்ளும் மனிதர் மண்ணுக்கு மேலும் சேர்ந்து காத்திருப்பார்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு ஐப்பசி வரும், மழை வராது. விதையை எறும்பு இழுத்துப் போகும். மறுபடி விதைத்தால் ஒரு பருவத்து மழை மூன்றே நாளில் கொட்டி, முளைத்ததை அழுகவைத்துவிட்டுப் போகும். அய்யா வானத்தைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். எங்களுக்குப் பயம் தந்தது அந்த அமைதிதான்.

"மழ இப்பல்லாம் சொல்லாம வார விருந்தாளிண்ணே," என்றார் ஒத்தக்கூடை ஒருநாள். "எப்ப வருவான்னு தெரியாது. வந்தா ஒக்கார எடம் இருக்கணும்ல? இல்லேனா கடலுக்குப் போயிருவான்."

"நீ அள்ளுற ஒத்தக் கூடைப் பள்ளத்துலயா அவன் ஒக்காரப் போறான்?" என்றார் அய்யா கசப்பாக.

மழையைப் போலவே சொல்லாமல் வந்த இன்னொரு விருந்தாளிக் கூட்டமும் இருந்தது. ராமேஸ்வரம் போகும் வேன்கள் வழியில் நல்ல தண்ணீரும் நிழலும் தேடி எங்கள் ஊருணிக்குத் திரும்பத் தொடங்கின. அல்லி பூத்த தண்ணீர், கரையில் ஆலமரம். வடநாட்டு யாத்திரிகர்கள் இறங்கினார்கள், குடித்தார்கள், படம் எடுத்தார்கள், பிளாஸ்டிக் பாட்டிலையும் பூரிக் காகிதத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஒத்தக்கூடை முதல் நாளே படியில் குறுக்கே நின்றார். பாஷை தெரியாது. செருப்பைக் காட்டினார், கூடையைக் காட்டினார், தலையைக் காட்டினார்.

வெள்ளைச் சேலை உடுத்த வயதான பெண்மணி ஒருவர் அவரைக் கூர்ந்து பார்த்தார். காசியிலிருந்து வருகிறவர்கள் ராமேஸ்வரத்துக் கடல்மணலை எடுத்துப்போய்க் கங்கையில் கரைப்பது பழைய சம்பிரதாயம். மண் சுமப்பது அவர்களுக்குப் புதிதல்ல, யாத்திரையே அதற்குத்தான். அந்த அம்மாள் கூடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தலையில் வைத்து, ராம நாமம் சொல்லியபடி கரையேறினார். பின்னால் வேன் முழுவதும் வரிசையில் நின்றது.

ஒத்தக்கூடை பதறிப்போனார். "ஆத்தா, இது சாமி இல்ல, வெறும் சகதி! தூக்கணும், அம்புட்டுத்தேன், கும்பிட வேணாம்!"

அவர் கை ஆட்ட ஆட்ட அவர்கள் இன்னும் ஆழமாகக் கும்பிட்டார்கள். ஒருவர் அவர் காலிலேயே விழுந்தார். ஊரின் செருப்பையெல்லாம் பிடுங்கிய மனிதர் அன்று வெட்கப்பட்டு ஆலமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

வேன் ஓட்டுநர்கள் வழியாகச் செய்தி பரவியது. ஊரார் கைவிட்ட குடிமராமத்தை யாத்திரிகர்கள் செய்தார்கள். ஒரே கூடை நான்காயிற்று, பத்தாயிற்று. அந்நியர் சுமப்பதைப் பார்த்துக் கூச்சப்பட்டு எங்கள் ஊர் இளவட்டங்களும் இறங்கினார்கள்.

கூட்டம் கூடும் இடத்தில் பணமும் கண் வைக்கும். வெளியூரில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் வந்தார். கிழக்குச் செய்யில் யாத்திரிகர் விடுதி, ஆழ்துளைக் குழாய், ஊருணியில் காலால் மிதிக்கிற படகு என்று அவர் திட்டம் விரிந்தது. நிலம் மணல் பாங்கு, கட்டடத்துக்கு உகந்தது என்று அய்யாவும் சொல்லியிருந்தார். உண்மையும் அதுதான், எங்கள் தாத்தா காலத்திலிருந்து அது மணல் செய். மூன்றாவது முறையும் விதை பொய்த்த ஆண்டு அது. அய்யா விற்பதென்று முடிவு செய்தார். அம்மா அன்று முழுவதும் அடுப்பு பற்றவைக்கவில்லை.

இதைக் கேட்டுப் புதுமடத்துப் பாய் சைக்கிளை நிறுத்தி அய்யாவிடம் நேரில் வந்தார். "ஒமக்குத் தெரியாததா? கடக்கரப் பக்கம் ஒரு எடத்துல ஓட்டலுக்குன்னு போர் போட்டாக. மொத வருசம் எளநி மாதிரித் தண்ணி. இப்ப அக்கம்பக்கத்துக் கெணத்துத் தண்ணியில சோறாக்குனா உப்புப் போட வேணாம். நல்ல தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச, கடலு உள்ள வந்துரும்."

"விதச்சா எறும்பு திங்குது பாய். நான் என்ன திங்க?" என்றார் அய்யா. பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அஸ்திவார மண் பார்க்க லாட்ஜ்காரர் ஒரு பொறியாளரையும் இரண்டு ஆட்களையும் அழைத்துவந்தார். வழியில் ஊருணியில் இறங்கி முகம் கழுவிக் குடித்தார். பளபளவென்ற கறுப்பு ஷூ கரையடியில் கிடந்தது. ஒத்தக்கூடை கூடையை நீட்டினார்.

"டிரைவர் தூக்குவான்யா," என்றார் அவர்.

"டிரைவரு குடிக்கலயே. குடிச்ச வாயிதான் தூக்கணும்."

லாட்ஜ்காரர் தலையிலடித்துக்கொண்டு சாக்ஸ் காலோடு எங்கள் செய்க்குள் இறங்கினார். ஷூ ஏற்கெனவே ஒத்தக்கூடையின் கையில் இருந்தது.

கரையோரமாகக் குழி வெட்டினார்கள். மேலாகக் கடற்காற்று கொண்டுவந்த மணல் கலந்த மண். அதன் கீழே கருப்பு. இன்னும் வெட்டினார்கள், இன்னும் கருப்பு. முழங்கால் ஆழம் தாண்டி, ஏறக்குறைய இடுப்பளவில்தான் பழைய மணல் தட்டுப்பட்டது. பொறியாளர் ஒரு கட்டியை எடுத்து உருட்டிப் பார்த்தார். வெண்ணெய்போல் உருண்டது.

"சார், இது சுத்த வண்டல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். இதுல கட்டடம் நிக்காது. எல்லாத்தையும் அள்ளி வெளியே போடணும்."

லாட்ஜ்காரர் அய்யாவைத் திரும்பிப் பார்த்தார். "மணல்னு சொன்னீங்க?"

"மணல்தாங்க!" அய்யா குழிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க பாட்டன் காலத்துல இருந்து மணலு!"

"அப்ப இது வானத்துல இருந்து விழுந்துச்சா?"

மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் கரையைப் பார்த்தோம். இடது கையில் ஷூவும் வலது கையில் கூடையுமாக ஒத்தக்கூடை நின்றிருந்தார். பிடிபட்ட திருடனின் முகம் அவருக்கு முதன்முறையாக வந்திருந்தது.

"ஏலே," என்றாள் எங்களோடு குழியோரம் நின்ற அம்மா, "நீ அள்ளலயா?"

"இல்ல அத்தாச்சி. போட்டேன்."

"எதுக்குலே?"

"ஒங்களுக்காக இல்ல." அவசரமாகச் சொன்னார், பெரிய குற்றச்சாட்டை மறுப்பதுபோல. "ஒங்க செய்யு மணலு. ஊருணி இந்தப் பக்கமா ஒழுகிக்கிட்டே கெடந்துச்சு. தெனம் கொஞ்சமா வண்டலப் போட்டுப் பரத்தி விட்டேன். நீங்க உழுது கலந்துட்டீக. ஒழுக்கு நின்னுருச்சு. இப்ப இங்கனயே கொழாய எறக்குனா, மறுபடி ஓட்ட போட்ட மாதிரிதான?"

"சொல்லிட்டுப் போட வேண்டியதுதானலே?"

"சொன்னா மேடாகுதுன்னு வேணாம்பீக."

மேடு! அய்யாவின் வாய் திறந்தபடி நின்றது. தண்ணீர் ஏறாத காரணம் அவருக்கு அந்தக் குழியின் ஓரத்தில்தான் விளங்கியது. பேச்சை முறித்துக்கொண்ட மூன்று குடும்பங்களின் நினைவும் வந்திருக்க வேண்டும். பயிர் பச்சையாக நின்ற காரணம் அம்மாவுக்கும் அதே நொடியில் விளங்கியது.

"அப்ப அய்யனாருக்கு வெட்டுன கிடா?"

"நானும் வந்து தின்னேன்ல அத்தாச்சி," என்றார் அவர் சமாதானமாக. "எலும்புதான் கொஞ்சம் சாஸ்தி."

லாட்ஜ்காரர் இந்த ஊரில் மண்ணும் சரியில்லை, மனிதரும் சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சாக்ஸ் காலோடு காரில் ஏறினார். கூடை சுமக்காததால் ஷூ திரும்பவில்லை. வேறெங்கோ நிலம் பார்த்ததாகக் கேள்வி.

அய்யா குழியைத் தன் கையாலேயே மூடினார். ஒரு மணி நேரம் மம்பட்டி போட்டவர், பிறகு கரையேறிப் போய் ஒத்தக்கூடையிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டு முதல் ஊருணி வண்டலை வரிசைமுறை வைத்து ஊரில் ஒவ்வொரு செய்க்கும் போடுவதென்று முடிவாயிற்று. எங்கள் மேட்டுச் செய்யில் அய்யா குண்டு மிளகாய் நட்டார். தவறிப் பெய்யும் மழையையும் வண்டல் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது. வேன்கள் நிற்கும் சாலையோரத்தில் ஊர்ப் பெண்கள் அந்த மிளகாயையும் நுங்கையும் வைத்து விற்றார்கள். ஊர் செழித்துக் கொழித்தது என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. விற்கலாமென்று நினைத்தவர்களில் சிலர் விற்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் சீமையில் அதுவே பெரிய மழை.

ஒத்தக்கூடை ஒரு கார்த்திகை மாதத்தில், ஊருணி நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்த நண்பகலில், ஆலமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் குடிசையைத் திறந்தபோது ஓலைக்கூரையின் ஒழுகாத மூலையில் செருப்புகள் இருந்தன. கூடை சுமக்காமல் போனவர்கள் திரும்பிவந்து கேட்காத செருப்புகள், ஜோடி மாறாமல், சாக்கு போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. நடுவில் அந்தக் கறுப்பு ஷூ. அதற்கு அவர் எண்ணெய் தடவித் துடைத்து வந்திருக்கிறார். எந்நாளாவது கூடை சுமக்க வருகிறவனுக்குச் செருப்பு நல்லபடியாகத் திரும்பக் கிடைக்க வேண்டுமல்லவா? தரையிலிருந்த மண்மேட்டை அவர் படுக்கையாகப் பயன்படுத்தியிருந்தார். அது வெறும் மணல். வண்டல் ஒரு பிடிகூட இல்லை.

அய்யாவும் இப்போது இல்லை. அக்கா பரமக்குடியில். நான் மதுரையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டேன். போன சித்திரையில் ஊருக்குப் போனபோது, பேருந்திலிருந்து இறங்கிய தாகத்தில், பையோடு நேராக ஊருணிக் கரையேறிவிட்டேன்.

"செருப்பு," என்று ஒரு குரல் கேட்டது.

ஆலமரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கூன் விழுந்துவிட்டது, கண்ணும் மங்கல்.

"அம்மா, நான்தாம்மா. இப்பதான் வாரேன்."

"தெரியுது. கூட அங்கன இருக்கு."

வண்டலைச் சுமந்து கொட்டிவிட்டுத் திரும்பினேன். என் செருப்பைக் காணவில்லை. அம்மா அதைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரச் சொன்னேன். இன்னும் இரண்டு வேன் வர வேண்டியிருக்கிறது என்றாள். மதுரைக்கு வரச் சொன்னேன். துடைத்த செருப்பை என் காலடியில் வைத்தாள். எங்கள் குடும்பத்தில் ஊரோடு இருப்பது இப்போது அம்மா மட்டும்தான்.